விரால் வழுவழுப்புக்குள் ஒரு வேட்டை!

விராலைக் கையால் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது பிடிக்குள் நிற்கிற ஜாதி இல்லை. இறுக்க இறுக்க நழுவும். உப்பு, புளி, சாம்பல் என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தேய்த்து, அந்தக் கொழகொழப்பைக் கழுவி ஊற்றிய பிறகுதான் நம் வீட்டுச் சட்டியில் குழம்பு கொதிக்கும். ஆய்வுக்கூடத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே சதையை யாரும் சீந்துவதில்லை, கொழகொழப்புக்குத்தான் ராஜமரியாதை!

மலாக்காவில் தஞ்சோங் கிளிங்கிலிருந்து சுங்கை ஊடாங் வரை யார் வீட்டிலாவது ஆபரேஷன் என்றால் போதும். "ஹாருவான் வாங்கிக் கொடுங்க, புண்ணு சீக்கிரம் ஆறும்" என்று மலாய்க்கார மாக்சிக்கும் சீன ஆன்ட்டியும் நம் பாட்டியும் ஒரே குரலில் சொல்வார்கள். இந்த நாட்டில் மூன்று இனமும் வாக்குவாதம் இல்லாமல் ஒத்துப்போகிற வெகுசில சங்கதிகளில் இதுவும் ஒன்று. அந்த ஹாருவானை, அதாவது நம் விராலைச் சாக்காக வைத்துக்கொண்டு, மருந்துக்கு அடங்காத கிருமிகளை அடக்கப் பெப்டைட் தேடுகிறவர்களின் கூடத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், வாங்க. ஸ்லிப்பர் மட்டும் வேண்டாம். மூடிய காலணி போட்டால்தான் உள்ளே விடுவார்கள்!

முதல் கதவு கெடாவில். ம.இ.கா.வின் கல்விப் பிரிவு உருவாக்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் ரத்தினம் சேவியர், காசி மாரிமுத்து ஆகியோர் அடங்கிய குழு விராலின் சளியை எடுத்து, அது பாக்டீரியாவைத் தடுக்கிறதா என்று சோதித்து 2010-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. நம் ஊர் மீன், நம்மவர்கள் கட்டிய பல்கலைக்கழகம், நம் பெயர்கள். எனக்கு இதைப் படித்தபோது ஒரு குதி குதிக்கத் தோன்றியது.

மீன் சளி எடுப்பதே ஒரு கலை. பொதுவாக மீனை முதல்நாளே பட்டினி போட்டுவிடுவார்கள். பிறகு கிருமி நீக்கிய சிறு கரண்டியால் முதுகுப் பக்கமாக, தலையிலிருந்து வால் நோக்கி, நோகாமல் வழிப்பார்கள். வயிற்றுப் பக்கம் கையே போகாது. போனால் மீனின் கழிவும் அதிலுள்ள கிருமியும் சேர்ந்து வந்து ஆய்வையே கெடுத்துவிடும். வழித்ததை உடனே குளிரில் வைத்து, சுழற்று இயந்திரத்தில் கிறுகிறுவென்று சுற்றி, அடியில் தங்கும் செதிலையும் அழுக்கையும் ஒதுக்கி, மேலே நிற்கும் தெளிவை எடுப்பார்கள். சிலர் தண்ணீரில் கரைப்பார்கள். பெப்டைடைக் குறிவைப்பவர்கள் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்க வைத்துப் பயன்படுத்துவார்கள்.

அடுத்தது தட்டு. வட்டக் கண்ணாடித் தட்டில் உறைந்திருப்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? அகார் அகார்! தீபாவளிக்குப் பச்சையும் சிவப்புமாக நாம் உறைய வைத்து வெட்டி அடுக்கும் அதே கடல்பாசிச் சரக்கு. 1881-இல் ஜெர்மனியில் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வால்தர் ஹெஸ்ஸேயிடம், "இதைப் போட்டுப் பாருங்கள், வெயிலிலும் உருகாது" என்கிற யோசனையைக் கொடுத்தவர் அவர் மனைவி ஃபானி. அவருக்கு அந்தச் சமையல் ரகசியம் கிடைத்தது முன்பு ஜாவாவில் வாழ்ந்த ஓர் அண்டைவீட்டார் வழியாக. உலகத்து நுண்ணுயிர்க் கூடங்கள் எல்லாம் இன்றுவரை நம் வட்டாரத்து அடுப்படிக்குக் கடன்பட்டிருக்கின்றன.

அகார் மேல் பாக்டீரியாவைப் பூசி, நடுவே சளிச்சாறு தோய்த்த சின்னக் காகித வில்லையை வைத்து, 37 பாகை வெப்பத்தில் இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். காலையில் தட்டு முழுக்க மங்கலாகப் பாக்டீரியா மண்டியிருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வளையம் விழுந்திருந்தால், கூடத்தில் சத்தம் கேட்கும்! அளவுகோலை வைத்து அந்த வளையத்தின் மில்லிமீட்டரை அளக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் சளிக்குள் நொதிகள் இருக்கும், எதிர்ப்புப் புரதங்கள் இருக்கும், பெப்டைடுகளும் இருக்கும். எது அடித்தது என்று பிரித்தெடுப்பது அதற்கப்புறம் வருகிற நீண்ட வேலை. ஆகவே யாரும் விரால் சளியை வழித்துப் புண்ணில் பூசிவிடாதீர்கள், தயவுசெய்து!

இவ்வளவு பாடு எதற்கு? 2019-இல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. இந்தப் பக்கத்திலும் ஒரு தமிழ்ப் பெயர் வருகிறது. 2010-இல் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைக் காட்டி உலகத்தை உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். சென்னையில் சேகரித்த மாதிரிகளில் மட்டும் 44-இல் அந்த மரபணு இருந்தது. மரபணுவின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் டில்லியில் வெடித்த கோபம் தனிக்கதை. நமக்கு வேண்டியது அந்தக் கட்டுரையின் ஒரு வரிச் செய்தி: அந்த மரபணு உள்ள பெரும்பாலான கிருமிகள் ஏறக்குறைய எல்லா மருந்தையும் ஏப்பம் விட்டுவிட்டன, இரண்டைத் தவிர. ஒன்று டைஜிசைக்ளின். இன்னொன்று கொலிஸ்டின்.

கொலிஸ்டின் யார் தெரியுமா? பெப்டைட்!

அமினோ அமிலங்களைக் கோத்த சின்னச் சங்கிலிதான் பெப்டைட். சங்கிலி நீண்டு மடிந்தால் புரதம். கொலிஸ்டினில் பத்தே பத்து கண்ணிகள். ஏழு வளையமாகச் சுருண்டிருக்கும், மூன்று வாலாகத் தொங்கும், வால் நுனியில் ஒரு கொழுப்புக் குஞ்சம். ஜப்பானிய மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா தன் பகைவர்களை ஒழிக்கச் செய்துகொண்ட ஆயுதம் இது. மருந்தாக வந்தது, சிறுநீரகத்தைப் பதம் பார்த்தது, 1970-களில் அலமாரிக்குள் போனது. மற்ற மருந்துகள் கைவிட்டபோது தூசி தட்டி மறுபடி எடுத்தார்கள்.

இந்தப் பெப்டைடுக் கூட்டத்தின் வேலைமுறையே அலாதி. பெரும்பாலான ஆண்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவின் ஏதாவதொரு உறுப்பைக் குறிவைக்கும். பாக்டீரியா அந்த உறுப்பின் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும், அல்லது மருந்தை வெட்டும் நொதியைச் செய்துகொள்ளும், அல்லது உள்ளே வந்ததைப் பம்பு வைத்து வெளியே தள்ளிவிடும். பெப்டைட் அத்தனை நாசூக்கு பார்ப்பதில்லை. பாக்டீரியாவின் மேல்தோலில் எதிர்மின்னூட்டம், பெப்டைடில் நேர்மின்னூட்டம். பச்சக்கென்று போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் தன் கொழுப்புப் பக்கத்தைச் சவ்வுக்குள் செருகும். ரொட்டி சானாய்க்காரர் மாவை வீசி இழுக்க இழுக்க மெலிந்து ஒரு கட்டத்தில் ஓட்டை விழுமே, அப்படிச் சவ்வு பிய்ந்து உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடும். நம் உயிரணுக்களின் வெளிப்புறத்தில் அந்த மின்னூட்டம் இல்லை, கொலஸ்ட்ரால் வேறு கெட்டிப்படுத்துகிறது. அதனால் நாம் பெரும்பாலும் தப்பிக்கிறோம். இங்கே கொலஸ்ட்ராலுக்கு ஒருமுறை நன்றி சொல்லிக்கொள்ளலாம்!

இந்த ஆயுதம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்த கதைகளில் எனக்குப் பிடித்தது தவளைத் தொட்டிக் கதை. அமெரிக்காவில் மைக்கேல் ஸாஸ்லோஃப் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டையை எடுத்து, தையல் போட்டுக் கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே விட்டுவிடுவது வழக்கம். அழுக்குத் தண்ணீர், திறந்த காயம். சீழ் பிடித்திருக்க வேண்டாமோ? ஒன்றுமே ஆகவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததை இவர் ஒருவர் ஏன் என்று கேட்டார். தோலைத் தேடினார், 23 கண்ணிகள் கொண்ட மாகைனின் பெப்டைடுகள் கிடைத்தன. ஆண்டு 1987.

நம் கடலோரத்துக்கும் பங்கு உண்டு. மலாக்கா நீரிணைச் சேற்றில் ஜோடி ஜோடியாக ஊர்ந்து வரும் பெலங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு. அதன் ரத்த அணுக்களிலிருந்து 17 கண்ணிகள் உள்ள டாக்கிப்ளெசின் என்ற பெப்டைடை ஜப்பானியர்கள் 1988-இல் பிரித்தார்கள். அது அவர்கள் கடல் இனம். இரண்டு வருடத்தில் நம் தென்கிழக்காசிய இனங்களிலும் அதே குடும்பத்துப் பெப்டைடைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பந்தாய் புத்ரி பக்கம் கடல்காற்று வாங்கப் போகிறவர்கள் நீரிணையை இனிமேல் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்.

சரி, மறுபடி ஆய்வுக்கூட வேலைக்கு வருவோம். இப்போதெல்லாம் தவளையையோ நண்டையோ பிழிவதில்லை. கண்ணி வரிசை தெரிந்தால் இயந்திரத்திலேயே கோத்துவிடலாம். புரூஸ் மெரிஃபீல்ட் 1963-இல் காட்டிய வழி, 1984-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தைக் கட்டிவிட்டு, அடுத்ததைச் சேர், கழுவு, அடுத்ததைச் சேர், கழுவு என்று போய்க்கொண்டே இருக்கும். பூ கட்டுகிறவர்களுக்கு இந்தப் பொறுமை உடனே புரியும். கடைசியில் மூக்கைத் துளைக்கும் ஓர் அமிலத்தால் மணியிலிருந்து வெட்டி, சுத்தம் செய்து, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளையாக, பஞ்சாக, கொஞ்சூண்டு. பணம் கட்டி வரவழைத்த குப்பியைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லாததுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது!

பிறகு 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. 8 வரிசை, 12 பத்தி. முதல் குழியில் மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் என்று தொடங்கினால் அடுத்தது 32, அடுத்தது 16, 8, 4 என்று பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குழியிலும் பாக்டீரியா. மறுநாள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். கலங்கியிருந்தால் கிருமி ஜெயித்தது, தெளிந்திருந்தால் பெப்டைட். எந்தக் குழிவரை தெளிவு என்பதுதான் அந்தப் பெப்டைடின் ஜாதகம். இதில் ஒரு வேடிக்கை: பெப்டைடுக்கு எதிலும் ஒட்டிக்கொள்ளும் புத்தி. பாலிஸ்டைரீன் தட்டில் ஊற்றினால் கிருமியை விட்டுவிட்டு பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். "பெப்டைட் வேலை செய்யவில்லை" என்று தலையில் கைவைத்தவர்கள் தட்டைப் பாலிப்ரொப்பிலீனுக்கு மாற்றியதும் சிரித்திருக்கிறார்கள்.

வாசனையும் உண்டு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்த தட்டைத் திறந்தால் திராட்சை மணக்கும், பார்வைக்கு நீலப்பச்சை. மருத்துவமனையில் நுரையீரலையும் தீப்புண்ணையும் நாசமாக்கும் கொடியவனுக்கு இப்படி ஒரு பழவாசம்!

எல்லாரும் நகம் கடிக்கும் கட்டம் ரத்தச் சோதனை. கழுவிய சிவப்பணுக்களோடு பெப்டைடைக் கலந்து ஒரு மணி நேரம் வைத்துச் சுழற்றுவார்கள். சிவப்பணுக்கள் முழுசாக இருந்தால் அடியில் தங்கும், மேலே தண்ணீர் நிறம் மாறாது. மேலே சிவந்தால் தீர்ந்தது, பெப்டைட் நம் ரத்தத்தையும் உடைக்கிறது. தேனீ விஷத்தில் இருக்கும் மெலிட்டின் இப்படித்தான். கிருமியையும் கொல்லும், நம்மையும் விடாது. முந்தின நாள் 96 குழியிலும் வெற்றிபெற்ற எத்தனையோ பெப்டைடுகள் இந்த ஒரு குழாய் சிவந்ததால் குப்பைக்குப் போயிருக்கின்றன.

இதைத் தாண்டிய ஒன்று நம் பக்கத்து ஊர்ப் பெண்ணின் கைவண்ணம். மலாக்காவிலிருந்து மூவார் தாண்டினால் பத்து பகாட். அந்த ஊர் ஷூ லாம், மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிரெக் சியாவிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, 25 வயதில், பெப்டைடுகளை நட்சத்திர வடிவில் கட்டினார். நடுவில் ஒரு மையம், அதிலிருந்து 16 அல்லது 32 கைகள், ஒவ்வொரு கையும் லைசின், வாலின் என்ற இரண்டே அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. கொலிஸ்டினுக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவை அது எலிகளில் அடக்கியது. 600 தலைமுறை வளர்த்தும் அந்தப் பாக்டீரியாவுக்கு எதிர்ப்புச் சக்தி வரவில்லை. பாக்டீரியாவுக்கு 600 தலைமுறை என்பது சில வாரங்கள்தான், ஆனாலும் பெரிய சங்கதி! 2016 செப்டம்பரில் நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் வெளிவந்ததும் 'சூப்பர்பக் ஒழிந்தது' என்று செய்திகள் ஆடித் தீர்த்தன. ஒழியவில்லை. ஆனால் அந்த உற்சாகத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நாகசுமா சந்திரா, தீபேஷ் நாகராஜன் குழு இயற்கையில் தேடாமல் கணினியிலேயே வடிவமைத்த பெப்டைடுக்கு ஒமேகா 76 என்று பெயர். 2019-இல் வெளியானது, அதே அசினெட்டோபாக்டருக்கு எதிராக, எலிகளில் பலன் கொடுத்தது. நம் சுபாங் பக்கத்துச் சன்வே பல்கலைக்கழகத்தில் நவீத் அகமது கான் குழு வேறு ரூட் பிடித்தது. சாக்கடையில் புரளும் கரப்பான்பூச்சிக்கும் அழுகிய இறைச்சி தின்னும் முதலைக்கும் ஏன் நோய் வருவதில்லை என்று கேட்டு, அவற்றின் உடல்சாறுகளில் கிருமிக்கொல்லி தேடினார்கள். அந்தக் கட்டுரைகளிலும் தமிழ் மாணவர் பெயர்கள் தென்படும். ஆயர் குரோ முதலைப் பண்ணையில் வாயைப் பிளந்து படுத்திருப்பவரைப் பார்க்கும்போது நினைவு வரட்டும்.

இத்தனையிலும் என் ஓட்டு யாருக்கு என்றால், தானே கொல்லாத ஒரு பெப்டைடுக்கு. பின்லாந்தின் மார்ட்டி வாரா, திமோ வாரா 1983-இல் நேச்சர் இதழில் சொன்னது அது. கொலிஸ்டினின் இரட்டைப் பிறவியான பாலிமிக்ஸின் பி-யின் கொழுப்புக் குஞ்சத்தையும் ஒரு கண்ணியையும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய ஒன்பது கண்ணிப் பெப்டைட் பாக்டீரியாவைக் கொல்லவில்லை, வெளிச்சவ்வைத் தளர்த்தி மட்டும் விட்டது. அவ்வளவுதான், அதுவரை உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்ற பழைய ஆண்டிபயாடிக் மருந்துகள் தடதடவென்று உள்ளே போய் வேலையைத் தொடங்கிவிட்டன! புது மருந்து கண்டுபிடிக்க ஆகும் காலத்தையும் காசையும் நினைத்தால், தோற்றுப்போன பழைய மருந்துக்குக் கதவு திறந்துவிடும் இந்த யுக்தி எவ்வளவு கெட்டிக்காரத்தனம். இந்த வழியில் இன்றும் பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் மருந்துக்கடையில் கிடைக்கவில்லை? தவளையின் மாகைனினிலிருந்து பிறந்த பெக்ஸிகனான் களிம்பைக் கேளுங்கள், சொல்லும். நீரிழிவுக்காரர்களின் காற்புண்ணுக்கென்றே தயாரானது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது தெரிந்ததுதான், கால்விரல் எடுத்த உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. அதனால் இந்தக் களிம்பின் கதை எனக்கு உறுத்துகிறது. 1999-இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. வேறொரு நிறுவனம் எடுத்து மறுபடி பெரிய சோதனை நடத்தி, 2016-இல் அதுவும் தேறவில்லை. வயிற்றுக்குள் போனால் செரிமான நொதி பெப்டைடைத் தின்றுவிடும், ரத்தத்தில் உப்பு அதன் வேகத்தைக் குறைக்கும், சிறுநீரகம் தாங்க வேண்டும், செய்ய நிறைய செலவாகும். தட்டில் ஜெயிப்பது சுலபம், மனித உடம்பில் ஜெயிப்பதுதான் கஷ்டம்.

கையில் இருந்த ஒன்றையும் நாம் எப்படி வைத்துக்கொண்டோம் பாருங்கள். கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொழுக்க வைத்தோம். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் டிஎன்ஏ வளையத்தில் ஏறி, கொலிஸ்டின் எதிர்ப்பு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டிருந்தது. மலேசியாவும் இந்தியாவும் கால்நடைக்குக் கொலிஸ்டின் கூடாது என்று தடைபோட்டது 2019-இல்.

எனவே இந்தத் தெளிந்த குழிகளையும் சிவந்த குழாய்களையும் பார்த்து முடித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாதாரண மூக்கொழுகல் வைரஸால் வருவது, அதற்கு ஆண்டிபயாடிக் கேட்டுக் கிளினிக் டாக்டரை நச்சரிக்காதீர்கள். அவர் எழுதிக் கொடுத்தால் சொன்னபடி சாப்பிடுங்கள். போன வருடம் மிஞ்சிய மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். படிவம் நான்கில் எந்தப் பிரிவு எடுப்பது என்று குழம்பும் பிள்ளை வீட்டில் இருந்தால், பத்து பகாட் பெண்ணின் கதையை அதனிடம் சொல்லிவையுங்கள். அந்த 96 குழித் தட்டுக்கு முன்னால் உட்கார இன்னும் நிறையப் பேர் தேவை.